சோரியாவில் ஒரு பிரெஞ்சு ஆசிரியர்

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிற் பாரிசில் வாழும் என் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஸ்பெயின் தேசத்தில் எவ்வூரைக் காண விருப்பம் என்று அவன் வினவியபோது, சோரியா என்றேன். அப்பெயரை அவன் கேட்டதுமில்லை. மத்ரித் நகரிலிருந்து பஸ் வண்டியில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலே, துவேரோ ஆற்றங்கரையிலே, காஸ்தீல் மேட்டுநிலத்திற் கிடக்கின்றது அச்சிற்றூர். இன்றும் அதன் மக்கள் தொகை சுமார் 40,000 தான்.

யான் அங்குச் சென்றது ஓர் ஆசிரியரைத் தேடி. 1907ஆம் ஆண்டிலே அவ்வூர்க் கல்விக்கூடத்திற்குப் பிரெஞ்சு மொழி கற்பிக்க வந்தவர் அந்தோனியோ மச்சாதோ. 1875இற் செவில் நகரிற் பிறந்து மத்ரித்தில் வளர்ந்தவர். இரண்டு கவிதை நூல்களின் ஆசிரியர். ஆயினும் கவிதை சோறு போடாது என்பது எந்நாட்டிற்கும் பொதுவான நியதி போலும். இருபத்தைந்து வயதின் பின்னரே பாடசாலைப் படிப்பை முடித்த அவர், போட்டிப் பரீட்சை எழுதி இப்பதவியைப் பெற்றார். அவர் கற்பித்த வகுப்பறையை இன்றும் பேணி வைத்திருக்கின்றனர். கல்விக்கூடமும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பழைய மர வாங்குகளின் முன்னே சிறிது நேரம் நின்றேன். கொட்டாவி விடும் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளாகப் புணர்ச்சி விதி உரைத்து வருபவன் யான். வினைச்சொற்களின் விகற்பங்களை அவர் எந்தக் குரலிற் சொல்லியிருப்பார் என்று எண்ணினேன். பரீட்சையில் எவரையும் தவறச் செய்ய அவருக்கு மனம் வந்ததில்லையாம்.

உணவுக்கும் உறைவுக்கும் அவர் தங்கியிருந்த விடுதியை நடத்தியவர்களின் மகள் லெயோனோர். 1909ஆம் ஆண்டு யூலை 30ஆம் திகதி ஊரின் நடுவேயுள்ள சாந்தா மரியா தேவாலயத்தில் இருவருக்கும் மணம் நிகழ்ந்தது. அவருக்கு வயது 34, அவளுக்கோ 15. இதனை இக்காலத்துக் கண் கொண்டு பார்ப்பார்க்கு மனம் ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை. அன்றைய ஊராருள்ளும் முணுமுணுத்தோர் பலர். எனினும் அவர் அவளிடத்து வைத்த அன்பு மெய்யானது என்பதற்குப் பின்வந்த துன்பமே சான்று.

1911இற் புலமைப்பரிசில் பெற்று இருவரும் பாரிசு சென்றனர். பேர்க்சன் என்னும் தத்துவ அறிஞரின் விரிவுரைகளை ஆங்கு அவர் கேட்டார். யூலை மாதத்திற் பிரெஞ்சுத் தேசியத் திருநாள் ஆரவாரத்தினிடையே லெயோனோர் இரத்தம் கக்கினாள். கூத்தாடும் வீதிகளில் வைத்தியரைத் தேடி அலைந்தார் கணவர். காசநோய். ஊர் திரும்பக் கையிற் பணமில்லை; நிக்கராகுவா நாட்டுக் கவிஞர் ரூபன் தாரியோவிடம் கடன் பெற்றே மீண்டனர். தூய காற்று வேண்டுமென்று அவளைச் சக்கர நாற்காலியில் இருத்தி, எல் மிரோன் மேட்டுப் பாதையில் நாள்தோறும் தள்ளிச் சென்றார். அப்பாதையில் யானும் நடந்தேன். ஏற்றம் கடிது, வெறுங்கையோடு சென்ற எனக்கே மூச்சு வாங்கிற்று.

1912இன் வசந்தத்திற் காஸ்தீல் வெளிகளைப் பாடிய அவர் நூல் வெளிவந்தது. புகழ் வந்த அவ்வாண்டிலேயே, ஓகஸ்ட் முதலாந் திகதி, பதினெட்டு வயதில் லெயோனோர் இறந்தாள். சில நாட்களில் அவர் இடமாற்றம் வேண்டி ஊரை விட்டகன்றார். தெற்கே பயேசாவில் ஏழாண்டுகள், பின்னர் செகோவியாவிற் பல்லாண்டுகள், அதே பிரெஞ்சு இலக்கணமே கற்பித்தார். இடையிலே, நாற்பது வயது கடந்த பின், மாணவராய் அமர்ந்து தத்துவப் பட்டப் பரீட்சையும் எழுதித் தேறினார். சோரியாவிற்கோ அவர் இருபது ஆண்டுகள் கழித்து, 1932இல், அவ்வூர் தன் மகனாக அவரை ஏற்றுப் பெருமைப்படுத்தியபோதே மீண்டார். அந்த இருபது ஆண்டுகள் எனக்கு விளங்கும். என் மனையாள் மறைந்த கிராமத்திலிருந்து மாற்றம் கேட்டு வந்தவன் யான். பதினொரு ஆண்டுகளாயின, இன்னும் அவ்வழியாற் போகும் பஸ்ஸில் ஏறியதில்லை.

தேவாலயத்தின் அருகே லெயோனோரின் வெண்கலச் சிலை உண்டு. பக்கத்தில் ஒரு வெற்று நாற்காலி. பயணிகள் அதில் அமர்ந்து படம் பிடிக்கின்றனர். மகன் என்னையும் அமரச் சொன்னான், யான் உடன்படவில்லை. எஸ்பினோ மயானத்துக்குச் சென்று அவள் கல்லறையைக் கண்டோம். வாயிலருகே ஒரு பட்டுப்போன எல்ம் மரத்தின் அடியைப் பேணியுள்ளனர். அவள் நோயுற்றிருந்த வைகாசியிலே, பட்ட மரத்திற் சில பச்சிலைகள் துளிர்த்தமை கண்டு அவர் பாடிய மரம் இதுவே என்கின்றனர்.

அவர் அங்கில்லை. உள்நாட்டுப் போரிற் குடியரசின் பக்கம் நின்ற அவர், 1939 சனவரி இறுதியில், முதிய தாயையும் அழைத்துக்கொண்டு, குளிரிலும் மழையிலும் பிரான்ஸ் எல்லையைக் கடந்தார். கையெழுத்துச் சுவடிகள் இருந்த பெட்டி வழியிலே போயிற்று. கொலியூர் என்னும் கடலோரச் சிற்றூரில் ஒரு விடுதியிலே பெப்ரவரி 22இல் உயிர் நீத்தார். மூன்று நாட்களின் பின் தாயும் மறைந்தாள். அவர் மேலங்கிப் பையிற் கசங்கிய ஒரு தாளைச் சகோதரர் கண்டெடுத்தார். இளமைக்கால வெயிலை நினைந்தெழுதிய ஓரடி அதில் இருந்தது.

கொலியூரிலேயே அவர் இன்றும் துயில்கின்றார். மயானத்து வாயிலில் வாங்கிய சிறு பூங்கொத்தை லெயோனோரின் கல்லின் மேல் வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று மகன் அழைத்தான்.