நடைக்குத் துணையான பாட்டு: சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை அமைந்துள்ளது. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் கரிசல் காட்டின் நடுவே, மரமடர்ந்த மலையாக அன்றி வெறும் பாறையாகவே எழுந்து நிற்கும் குன்று அது. தமிழ்ச் சமணருக்கு இக்குன்றை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. பாண்டியர் காலத்தில், கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில், அதன் பாறைச் சுவரில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்றன. பார்சுவநாதரும் பாகுபலியும் அம்பிகா இயக்கியும் பத்மாவதியும் அங்கே காட்சி தருகின்றனர். உருவங்களின் கீழே அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. துறவியரும் குரத்தியரும் ஊர்ப் பொதுமக்களும் அவர்களுள் அடங்குவர். சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியர் பதின்மரின் உணவுக்காக நிலம் விடப்பட்ட செய்தியையும் அங்குள்ள கல்வெட்டொன்று கூறுகிறது. அறவுரையும் ஓதும் குரலும் ஒலித்த குன்று அது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டா.

அக்குன்றின் அடிவாரத்திலேயே குடைவரையில் எழுந்தருளியுள்ள கழுகாசலமூர்த்தியை நாடிக் காவடி சுமந்து வருவோர் கூட்டமும் நெடுங்காலமாக உண்டு. அவர்கள் நடந்துவரும் வழிக்கென்றே ஒரு பாட்டைச் செய்து கொடுத்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். காவடிச் சிந்து என்றவுடன் தமிழகத்தில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையதே. அவர் வாழ்ந்ததோ முப்பது ஆண்டுகளுக்கும் குறைவு.

சென்னிகுளம், சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிற்றூர். அங்கே வேளாண் குடும்பமொன்றில் சென்னவ ரெட்டியாருக்கும் ஓவு அம்மாளுக்கும் மகனாக 1860-களில் அண்ணாமலை பிறந்தார். அவ்வட்டாரத்தின் கிழக்கே போகப்போகச் செம்மண் மறைந்து கரிசல் விரியும். கோடையில் கால் நுழையுமளவு பாளம் பாளமாக வெடிக்கும் மண், ஒரு மழைக்குப் பின் நடப்பவன் காலை விடாமல் பற்றி இழுக்கும். மழையை நம்பிய வேளாண்மையில் உழைப்புக்கு ஏற்ற பலன் உறுதியில்லை. அத்தகைய ஊர்களில் பாட்டு ஒருநாளும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. கமலை இறைப்பவர் சால்களை எண்ணுவதும் பாட்டாலே. களையெடுக்கும் பெண்கள் வெயிலை மறப்பதும் பாட்டாலே. துக்க வீட்டில் நெஞ்சின் கனத்தை இறக்குவதும் பாட்டாலே. அண்ணாமலை சிறுவராய் இருந்தபோதுதான் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. அவருடைய பிற்காலப் பாடல்களில் சோலையும் வாவியும் நீர்வளமும் ஏன் அத்தனை ஆசையோடு பெருகி வருகின்றன என்பதற்கு, இலக்கிய மரபைத் தவிர இந்தப் பிறப்பிடத்தையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

தொடக்கக் கல்வியை அவர் சொந்த ஊர் மடத்திலிருந்த சுந்தர அடிகளிடம் பெற்றார். பின்னர்ச் சேற்றூர் இராமசாமிக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். மேலும் கற்கும் வேட்கை அவரைச் சோழநாட்டுத் திருவாவடுதுறை ஆதீனத்துக்குக் கொண்டு சென்றது. சுப்பிரமணிய தேசிகர் பீடத்தில் இருந்த காலம் அது. தமிழ்ப் புலமைக்கு அதைவிடச் சிறந்த உறைவிடம் அன்று வேறில்லை. ஆதீனத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த உ.வே. சாமிநாதையரிடமும் அவர் சிலகாலம் பாடம் கேட்டார்.

அந்தச் சாமிநாதையர்தாம் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்துத் தமிழுலகுக்கு மீட்டுத் தந்தவர் என்பதைச் சமணக் குடும்பங்கள் நன்றியோடு நினைவில் வைத்துள்ளன. நூலின் சமயக் கருத்துகள் விளங்காமல் அவர் கும்பகோணத்துச் சமணர் வீட்டைத் தேடிச் சென்றபோது, அங்கே தோரணங்களும் விழாக் கோலமும் கண்டார். சிந்தாமணியை முழுவதும் படித்து நிறைவு செய்ததைக் கொண்டாடுகிறார்கள் என்று அறிந்து வியந்தார். ஏட்டில் உள்ள நூலை வாய்விட்டு ஓதி, ஓதியதை ஒரு விழாவாக்கிய குடும்பங்கள் இருந்தமையால்தான் அப்பெருங்காப்பியத்தின் பொருள் அழியாமல் நின்றது. அண்ணாமலை ரெட்டியார் அவ்வீட்டுக்குச் சென்றதாகத் தெரியவில்லை. எனினும், குரலில் தங்கும் நூலே மக்களிடம் தங்கும் என்பதை அவரும் தம் வழியில் கண்டவர்.

கல்வி முடித்துத் தென்னாடு திரும்பிய அவருக்கு ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவு கிட்டியது. ஜமீனின் இருப்பிடம் சிற்றாற்றங்கரையில் உள்ள வீரகேரளம்புதூர். புலவர்கள் அதைச் சுருக்கி வீரை என்பர். மருதப்பத் தேவர் தமிழ் அறிந்தவர். புலவர்களைப் பேணுவதைச் செல்வத்தின் பயனாகக் கருதியவர். அவருடைய அவையில் அண்ணாமலையார் வீரைத் தலபுராணம் முதலிய நூல்களைச் செய்தார். சங்கரன்கோவில் திரிபந்தாதியும் கருவை மும்மணிக்கோவையும் அவர் பெயரைத் தாங்கியவை. திரிபந்தாதி என்பது எளிய வேலையன்று. அடிகளின் முதலெழுத்து மட்டும் மாற, பின்வரும் எழுத்துகள் ஒன்றாகவே நின்று வேறு வேறு பொருள் தர வேண்டும். ஒரு செய்யுளின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வேண்டும். புலமையைப் புலவர்முன் நிறுவுவதற்கு அது போதும். ஆயினும் இன்று அந்நூலைத் தேடிப் படிப்பவர் மிகச் சிலரே.

அவரை நிலைக்கச் செய்தது வேறொன்று. மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றார் என்றும், உடன் நடந்த அண்ணாமலையார் அப்பயணத்துக்காகவே காவடிச் சிந்தைப் பாடினார் என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது. வீரையிலிருந்து கழுகுமலை நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. காவடி எடுப்பவர் நோன்பிருப்பவர், தோளில் சுமை, காலில் செருப்பில்லை. கரிசல் காட்டில் ஒதுங்க நிழல் அரிது. முதல் சில கல் தொலைவுக்கு உற்சாகமே நடத்திச் செல்லும். அதன்பின் உடல் தன் கணக்கைக் கேட்கத் தொடங்கும். அங்கேதான் பாட்டுக்கு வேலை.

காவடிச் சிந்தின் பெரும்பகுதி மூன்று மூன்றாகச் செல்லும் திசிர நடையில் அமைந்தது. தகிட தகிட என்ற அந்தத் துள்ளலில் காலை எடுத்து வைப்பதும் தாளம் விழுவதும் ஒன்றாகின்றன. குறுகிய சொற்கட்டுகள் எதுகையாலும் இயைபாலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். மூச்சு முடியும் இடத்தில் சீரும் முடியும். ஒருவர் ஓர் அடியைப் பாட, கூட்டம் வாங்கிப் பாடும்போது முன்னவருக்கு ஓய்வு கிடைக்கும். பின்னவர் வாங்கியபின் நடை தளராது. இன்னும் எவ்வளவு தூரம் என்று எண்ணிக்கொண்டிருந்த மனம், அடுத்த அடி என்ன என்று எண்ணத் தொடங்கும். சுமையின் எடை குறைவதில்லை. சுமப்பவன் அதைக் கருதுவது குறைகிறது. நாகசுரமும் தவிலும் உடன் வரும் இடத்தில் அதே மெட்டு ஆட்டமாகவும் மாறும். களைத்த உடல் ஆடுவது வெளியிலிருந்து காண்பவருக்கு வியப்பாக இருக்கும். பாடிக்கொண்டு வந்தவருக்கு அது இயல்பாகவே தோன்றும்.

பாடுவோர் நீட்டிப் பாடும்போது மூச்சு மெல்ல வெளியேறுகிறது. அதனால் இதயத் துடிப்பும் அமைதி கொள்கிறது. சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்று, சேர்ந்து பாடுவோரின் இதயத் துடிப்புகள் பாட்டின் அமைப்புக்கு ஏற்ப ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைக் காட்டியது. கருவிகொண்டு அளந்த செய்தி அது. கழுகுமலை வழியில் நடந்த கூலியாளும் ஜமீன்தாரும் ஒரே அடியை ஒரே மூச்சில் பாடியபோது, அளக்கக் கருவி இல்லாமலே அதை உணர்ந்திருப்பர்.

உடலின் களைப்பு நீங்குவதோடு நின்றிருந்தால் அதை ஒரு வேலைப்பாட்டு என்று சொல்லி முடித்துவிடலாம். அண்ணாமலையார் அங்கே நிறுத்தவில்லை. கோபுரத்தின் உயரம், கொடியின் அசைவு, வீதிகளின் நெருக்கம், அடியார்கள் கொண்டு வரும் காணிக்கை, வாவியின் குளிர்ச்சி என்று கழுகுமலையின் காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புகிறார். இன்னும் சென்று சேராத இடத்தை நடப்பவர் கண்முன் நிறுத்தும் உத்தி இது. பின்னர்ப் பாட்டு அகத்துறைக்குத் திரும்புகிறது. தலைவனைப் பிரிந்த தலைவியின் வாட்டமும் தோழியிடம் சொல்லும் குறையும் வருகின்றன. வெயிலில் நடக்கும் காவடியாளுக்குத் தலைவியின் வருத்தம் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். தன் உடல்வலியைச் சொல்லத் தெரியாதவனுக்கு ஏங்குவதற்கு ஒரு மொழி கிடைக்கிறது என்பதே விடை. மன வசன காயம் என்று சமண நூல்கள் பிரித்துக் கூறும் மூன்றும் பெரும்பாலும் மூன்று திசையில் ஓடுபவை. கால் நடக்க, வாய் பாட, உள்ளம் பாட்டின் பொருளில் நிற்கும் அந்தச் சில நாழிகைகளில் மூன்றும் ஒரே வழியில் செல்கின்றன. வழிபடும் தெய்வம் எதுவாயினும், பாடிப் பழகியவர் இதை அறிவர். ஓதும்போது கிட்டும் ஒருமை, தோத்திரத்தை மனத்துக்குள் மட்டும் ஓட்டும்போது எளிதில் வாய்ப்பதில்லை.

சிந்து அக்காலத்துப் புலவர் பலருக்குத் தாழ்ந்த வகையாகத் தோன்றியது. வெண்பாவும் விருத்தமும் புலமையின் அடையாளங்கள். சிந்து தெருவில் பாடுவோரின் உடைமை. திருவாவடுதுறையில் பாடம் கேட்ட ஒருவர் அதைத் தொடுவது துணிவான செயலே. ஆனால் அவர் தம் கல்வியைத் தெருவுக்காகக் குறைத்துக்கொள்ளவில்லை. திரிபும் மடக்கும் கற்ற காது, அதே நுட்பத்தைத் தாளத்துக்குள் கொண்டு வந்து வைத்தது. சிந்தில் வரும் சொற்கள் பல எளியவையல்ல; பொருள் விளங்காமலே பாடியவர் ஏராளம். ஓசை அவர்களைக் கைவிடவில்லை. பொருள் பின்னர் யாரோ ஒருவர் சொல்லத் தெரிந்தது. எழுத்தறியாதவரும் கேட்டே முழுப்பாட்டையும் மனத்தில் ஏற்றினர். இந்நாளில் இசைக் கச்சேரியின் பிற்பகுதியில் செஞ்சுருட்டியில் ஒரு காவடிச் சிந்து ஒலித்தால், அதுவரை கைகட்டி அமர்ந்திருந்த அவையில் கால்கள் தாமாகத் தாளமிடுவதைக் காணலாம்.

கழுகுமலைக்குக் கிழக்கே, அதே கரிசல் நிலத்து எட்டயபுரத்தில், 1882-இல் பிறந்த சுப்பிரமணிய பாரதி, அண்ணாமலையார் மறைந்தபோது பத்து வயதை எட்டாத சிறுவர். பின்னாளில் அவர் நாட்டுக்கான பாடல்களைப் பாட முற்பட்டபோது சிந்து மெட்டுகளைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். படித்தவர் சிந்து பாடலாமா என்ற கேள்விக்கு அவர் விடை தேட வேண்டியிருக்கவில்லை. அதைச் சென்னிகுளத்தார் முன்பே தீர்த்து வைத்திருந்தார்.

1890-களின் தொடக்கத்தில் அண்ணாமலை ரெட்டியார் காலமானார். பல நூல்களை எழுதி முடித்திருந்த அவர், முப்பதாம் வயதை எட்டவில்லை. புராணமும் அந்தாதியும் செய்த கையால் இன்னும் எவ்வளவோ வந்திருக்கக்கூடும். ஆயிரக்கணக்கானவரின் கால்வலிக்கு மருந்து செய்தவருக்கு நீண்ட வழி நடக்கக் கொடுத்து வைக்கவில்லை.

பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாட்களில் இன்றும் காவடிகள் கரிசல் சாலைகள் வழியே கழுகுமலை வந்து சேர்கின்றன. அந்நாட்களில் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கப் பாறைப் படிகளில் ஏறும் குடும்பங்களுக்கு, கீழேயிருந்து மேளத்தோடு சிந்தின் ஓசை எழும்பி வரும். சிறு பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கே அடியெடுத்து வைத்து ஏறிவிடுவார்கள்.