வெங்கானூர் அய்யன்காளி: ஏழைச் சிறாரின் பள்ளிக்கு வழிகண்ட பெரியார்

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தென்மேற்கே ஸ்ரீவராகம் என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள பழமையான வராக மூர்த்தி கோயிலால் அவ்விடம் அப்பெயர் பெற்றது. கோயிலை ஒட்டிப் பெரியதொரு குளம் பரந்து கிடக்கிறது. காலை வேளையில் அப்பக்கத்துத் தெருக்களில் நின்று பார்த்தால், சிறுவரும் சிறுமியரும் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு விரைவதைக் காணலாம். எந்தத் தெருப் பிள்ளை, எந்தக் குலத்துப் பிள்ளை என்று கேட்டு அவர்களை நிறுத்துவார் இல்லை. ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னே இந்நகரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நிலைமை அதுவன்று. கோயிலைச் சுற்றிய வீதியில் கால் வைக்கவும், அரசாங்கப் பள்ளியின் வாயிற்படியை மிதிக்கவும் உரிமையற்றவராய்ப் பல்லாயிரம் குழந்தைகள் இருந்தனர். அக்குழந்தைகளின் பொருட்டு வாழ்நாள் முழுதும் உழைத்த ஒருவர், தாமே எழுதப் படிக்க அறியாதவர். அவரே வெங்கானூர் அய்யன்காளி. அவருடைய சரித்திரத்தையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஸ்ரீவராகத்திலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால், விழிஞ்ஞம் கடற்றுறைக்கு அருகே வெங்கானூர் என்னும் கிராமம் வரும். அக்கிராமத்தில் 1863 ஆகஸ்டு 28-ஆம் நாள், அய்யன் என்பவருக்கும் மாலா என்னும் அம்மையாருக்கும் மூத்த மகனாக அய்யன்காளி பிறந்தார். புலையர் என்று சொல்லி ஒதுக்கப்பட்ட குலத்தில் தோன்றியவர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-இல்; அவர் பிறந்ததோ அதற்கு எட்டே ஆண்டுகள் கழித்து. ஆடுமாடு போல மனிதரை விற்றும் வாங்கியும் வந்த வழக்கம் சட்டத்தில் மட்டும் மறைந்திருந்தது. நிலவுடைமையாளர் வயலில் மறைந்தபாடில்லை. தந்தை அய்யனுக்குச் சிறிது நிலம் இருந்தமையால் அக்குடும்பம் பிறரைப் போலப் பட்டினியில் வாடவில்லை. எனினும் நிலம் இருந்தும் பள்ளி இல்லை. வீட்டில் சோறு உண்டு. ஊரில் மதிப்பு இல்லை. இளமையில் இவ்வேற்றுமையைக் கண்ணாரக் கண்டவர் அய்யன்காளி.

அக்காலத்து வயற்கூலிகளின் குழந்தை எப்படி வளர்ந்தது என்பதை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாயும் தந்தையும் விடியுமுன் சேற்றில் இறங்குவர். கைக்குழந்தை வரப்போரத்து மரநிழலில் கிடக்கும். நடக்கத் தெரிந்த பிள்ளை அதற்குக் காவல். இன்னும் சற்று வளர்ந்தால் மாடு மேய்க்கவும், கதிரில் கிளி விரட்டவும் அதுவே ஆள். கூலியோ நெல்லாக அளக்கப்படும். அதுவும் அளப்பவர் மனம் போல. பள்ளிக்கதவு திறந்தே இருந்திருந்தாலும், இந்தக் குழந்தை அங்கே எப்படிப் போகும்? எதை உடுத்திக்கொண்டு, எதை உண்டுவிட்டுப் போகும்? அய்யன்காளி அவர்களின் அரும்பணி அனைத்தும் இக்கேள்விக்கு விடை தேடியதே என்பது எமது கருத்து.

அவருடைய பெயரைச் சொன்னவுடன் யாவரும் முதலில் நினைவுகூர்வது 1893-ஆம் ஆண்டின் வில்வண்டிப் பயணத்தை. பொதுச்சாலையில் நடக்கவே உரிமையற்ற குலத்தார் ஒருவர், இரண்டு வெள்ளைக் காளைகள் பூட்டிய வண்டியை வாங்கி, வெண்ணிற ஆடையுடுத்தி, தலைப்பாகை கட்டி, அரசாங்கச் சாலையில் ஓட்டிச் சென்றார். மேற்குலத்தார் மறித்தனர், அவர் அஞ்சவில்லை. பின்னர் 1898-இல் தம் கூட்டத்தாருடன் சந்தைக்கு நடந்து சென்றபோது, பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் பெரும் கைகலப்பு நேர்ந்தது. வண்டியின் கதை சிறுவர் நூல்களில் படத்துடன் வந்திருக்கிறது, அது வரவேண்டியதே. ஆயினும் அதனினும் அருமையானவை பின்னால் நிகழ்ந்தன. அவை வெற்றொலியின்றி நிகழ்ந்தமையால் பலர் அறியார்.

1904-இல் வெங்கானூரில் ஓலையும் மூங்கிலும் கொண்டு ஒரு பள்ளிக் கொட்டகையை எழுப்பினார். தமிழ்நாட்டில் ஆல்காட் துரை சென்னை அடையாற்றுப் பக்கத்தில் பஞ்சமர் இலவசப் பள்ளியை 1894-இல் தொடங்கிப் பத்தாண்டு ஆகியிருந்த காலம் அது. அங்கே பணம் திரட்டவும் ஆசிரியரைத் தேடவும் கற்றறிந்த வெளிநாட்டவர் இருந்தனர். வெங்கானூரிலோ எழுத்தறியாத உழவர் மட்டுமே இருந்தனர். கொட்டகை எழுந்த அன்றிரவே மாற்றார் அதற்குத் தீ வைத்தனர். மீண்டும் கட்டினார்கள். தீ வைத்தவரும் ஓயவில்லை, கட்டியவரும் ஓயவில்லை.

1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் என்னும் அமைப்பை நிறுவினார். ஏழைமக்களைக் காக்கும் சங்கம் என்பது அப்பெயரின் பொருள். ஊர்தோறும் கிளைகள் ஏற்பட்டன. வாரத்தில் ஒரு நாள் வயல்வேலைக்கு ஓய்வு வேண்டும் என்றும், அந்நாளில் கூடிப் பேசவேண்டும் என்றும் சங்கம் வகுத்தது. அவ்வாண்டிலேயே தாழ்த்தப்பட்டோரின் குழந்தைகளை அரசாங்கப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆணை பிறந்தது. ஆனால் ஆணை பிறப்பது வேறு, அது நடைபெறுவது வேறு. கீழ் அலுவலரும் பள்ளி நிர்வாகிகளும் ஊர்ப் பெரிய மனிதரும் அக்காகிதத்தை வெளிவராதபடி அமுக்கி வைத்தனர். திவான் மாளிகையில் நீதி இருந்தது. பள்ளிவாசலில் பூட்டு இருந்தது.

அப்போதுதான் அய்யன்காளி அவர்கள் ஒரு பெரும் போரைத் தொடுத்தார். எம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உம் வயல்களில் நெல் விளையாது, புல்லே முளைக்கும் என்ற கருத்தில் அவர் அறிவித்தார். வயற்கூலிகள் வேலைக்குப் போவதை நிறுத்தினர். 1907-08-இல் நடந்ததாகப் பெரும்பாலோர் எழுதும் இவ்வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நீடித்தது. கூலி உயர்வும், காரணமின்றி வேலையை விட்டு நீக்காமையும், சாலையில் நடக்கும் உரிமையும் கோரிக்கைகளில் இருந்தன. ஆயினும் அவற்றின் நடுநாயகமாக நின்றது குழந்தைகளின் கல்வி. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தின் பொருட்டு உழவர் கூலிகள் ஏர் தொட மறுத்த வரலாறு உலகில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைப்பதன்று.

இதனை எழுதும் யான் பல்லாண்டு பஞ்சாலையில் உழைத்தவன். வேலைநிறுத்தம் என்பது மேடையில் ஒன்றும் அடுப்படியில் வேறொன்றும் ஆகும். மூன்றாம் வாரத்தில் கடைக்காரர் கடன் மறுப்பார். முதலில் நிற்பது குழந்தையின் பால். பிறகு அதன் பள்ளிச் சம்பளம். குழந்தைக்காகத் தொடங்கிய போரில் குழந்தையே முதலில் விழும். அய்யன்காளி இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பது அவர் செய்த ஏற்பாட்டால் விளங்கும். விழிஞ்ஞத்துக் கடற்கரைக்குச் சென்று, அங்கிருந்த மீனவருடன் பேசி, தம் மக்களை அவர்களுடைய படகுகளில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளச் செய்தார். ஏர்பிடித்த கைகள் வலை இழுத்தன. வீடுகளில் அடுப்பு எரிந்தது. மறுபுறம் நிலவுடைமையாளர் சிலர் தாமே சேற்றில் இறங்கிப் பார்த்தனர். அவ்வேலை அவர்களுக்கு வாய்க்கவில்லை. வயல்கள் தரிசாய்க் கிடந்தன. இறுதியில் அரசாங்கம், மாஜிஸ்திரேட்டாக இருந்த கண்டலா நாகம் பிள்ளை என்பவரை நடுவராக அமர்த்தியது. கூலி உயர்வு, பள்ளிச் சேர்க்கை, நடமாடும் உரிமை ஆகியவற்றை ஏற்கும் உடன்பாடு உண்டாயிற்று.

1910-இல் பள்ளிச் சேர்க்கைக்கான ஆணை மீண்டும் உறுதி பெற்றது. அதனைக் கையில் கொண்டு, பஞ்சமி என்னும் சிறுமியை அழைத்துக்கொண்டு, பாலராமபுரத்தை அடுத்த ஊருட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி சென்றார். ஆசிரியர் மறுத்தார். அவரோ ஆணையைக் காட்டி, சிறுமியை மற்றப் பிள்ளைகளுடன் பெஞ்சியில் அமர வைத்தார். அவ்வளவே நிகழ்ந்தது. ஒரு சிறுமி ஒரு பலகையில் உட்கார்ந்தாள். அதன்பொருட்டு மேற்குலத்தார் தம் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றனர், கைகலப்பு மூண்டது, பள்ளிக்கூடமே தீக்கிரையாயிற்று. கலவரம் சுற்றூர்களுக்கும் பரவி, எளியோரின் குடிசைகள் சூறையாடப்பட்டன. கொல்லம் ஆண்டு 1090-ஐ ஒட்டி நிகழ்ந்தமையால் மலையாள மக்கள் இதனைத் தொண்ணூறாம் ஆண்டுக் கலகம் என்பர். ஒரு குழந்தையைச் சேர்ப்பது எளிது, சேர்ந்த குழந்தையைக் காப்பதே அரிது என்பது அந்நாளில் யாவர்க்கும் வெளிப்படையாயிற்று.

இதற்கிடையே, அக்காலத்துத் திருவிதாங்கூரில் ஸ்ரீமூலம் பிரஜா சபை என்னும் மக்கள் பேரவை 1904 முதல் கூடிவந்தது. புலையரின் குறைகளை அச்சபையில் முதலில் எடுத்துரைத்தவர் சுபாஷிணி என்னும் பத்திரிகையின் ஆசிரியர் பி. கே. கோவிந்தப் பிள்ளை. அம்மக்களில் ஒருவரையே உறுப்பினராக்குதல் தகும் என்று அவர் வேண்டினார். மேற்குலத்தில் பிறந்தும் இவ்வாறு இடம் விட்டுக்கொடுத்த பண்பு போற்றற்குரியது. திவான் பி. ராஜகோபாலாச்சாரி அவ்வேண்டுகோளை ஏற்க, 1911 டிசம்பரில் அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1912 பிப்ரவரியில் விக்டோரியா ஜூபிலி மண்டபத்தில் அவர் எழுந்து பேசினார். முன்பு சாலையில் நடக்கலாகாது என்று தடுக்கப்பட்டவர் அரசரின் சபையில் நின்றார். வாழக் குடியிருப்பு மனையும் உழப் புதுவல் நிலமும் தம் மக்களுக்கு வேண்டும் என்பதே அவருடைய முதற் கோரிக்கை. நிலமற்றவனை நிலவுடைமையாளர் எந்நேரமும் குடிசையை விட்டு விரட்டலாம். விரட்டப்பட்டவன் பிள்ளை எந்த ஊரில் படிக்கும்? ஆகவே மனையும் குழந்தையின் கல்வியைச் சேர்ந்ததே.

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சபையில் இருந்தார். அவர் ஆண்டுதோறும் கேட்டவற்றைத் தொகுத்துப் பார்க்குங்கால் வியப்பு மேலிடுகிறது. ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிச் சம்பளத்தை நீக்குதல் வேண்டும், உதவித்தொகை வேண்டும், நடுப்பகலில் உணவு வேண்டும், படித்து வந்தவருக்கு அரசாங்கத்தில் சிறிய உத்தியோகமேனும் வேண்டும். சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகலுணவு தந்தது 1920-இல். காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிந்தது 1956-இல். சமைத்த உணவை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் இந்திய மாநிலங்களுக்கு ஆணையிட்டது 2001-இல். சர்வதேசத் தொழில் அமைப்பு 2012-இல் வெளியிட்ட பரிந்துரை, குழந்தைகளுக்கு உணவும் கல்வியும் பராமரிப்பும் கிடைக்கும்படியான அடிப்படை வருவாய்ப் பாதுகாப்பை ஒவ்வொரு நாடும் அளித்தல் வேண்டும் என்கிறது. அறிஞர் பலர் கூடி ஆராய்ந்து எழுதிய அதன் சாரத்தை, கையெழுத்தறியாத வெங்கானூர் உழவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மனுவாகக் கேட்டிருந்தார். அவர் எந்த நூலிலும் அதைப் படிக்கவில்லை. பசித்த குழந்தையைப் பார்த்து அறிந்தார்.

கேட்டவை யாவும் கிடைத்தன என்று எண்ணிவிடலாகாது. கேட்டதில் சில பகுதி, அதுவும் காலந்தாழ்த்தே கிடைத்தது. ஒதுக்கிய நிலம் கேட்ட அளவினும் மிகக் குறைவு. சபையில் மனுவாகக் கேட்பதையே அவர் பெரிதும் நம்பினார் என்று பிற்காலத்தார் சிலர் குறை கூறுவதும் உண்டு. வேலைநிறுத்தத்தில் ஓராண்டு பசியைத் தாங்கிய ஒருவரை இவ்வாறு குறை கூறுவது எமக்கு உடன்பாடன்று.

வெங்கானூரில் அரசாங்க அனுமதியுடன் புதுவல்விளாகத்தில் பள்ளி அமைந்தபோது மற்றொரு தடை எழுந்தது. கட்டடம் இருந்தது, குழந்தைகள் இருந்தனர். கற்பிக்க ஆசிரியர் எவரும் வரவில்லை. தீண்டாத குழந்தைக்குச் சிலேட்டைத் தொட்டுக் கொடுக்க யார் வருவார்? முடிவில் திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேசுவரன் பிள்ளை என்பவர் முன்வந்தார். அவர் பள்ளிக்கு வரும்போதும் போகும்போதும் இடையூறு நேராதபடி சங்கத்தார் உடன் சென்று காவல் புரிந்தனர். குழந்தைகளுக்கு மட்டுமன்றி, அவர்களுக்குக் கற்பிக்க வந்தவருக்கும் பாதுகாப்பு வேண்டியிருந்த காலம் அது. அந்த ஆசிரியரின் துணிவை எண்ணிப் பார்ப்போர் இன்று மிகச் சிலரே.

1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் மூண்ட கலகத்தின்போது, அடிமையின் அடையாளமாகப் பெண்கள் அணிந்த கல்மாலையைக் கழற்றி எறியச் செய்ததும் அவரே. அதனைத் தனியே எழுதுதல் தகும்.

1936 நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியாயிற்று. ஸ்ரீவராகம் முதலாகச் சமஸ்தானத்துக் கோயில்களின் கதவுகள் திறந்தன. மறு ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்து அய்யன்காளியைக் கண்டார். எழுபத்துமூன்று வயதான முதியவர் அப்போது தமக்கென ஒன்றும் கேட்டிலர். கண்மூடுமுன் தம் குலத்தில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறுவதைக் காணவேண்டும் என்னும் தம் அவாவையே தெரிவித்தார். 1941 ஜூன் 18-ஆம் நாள் அவர் மறைந்தார். உடல் வெங்கானூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

1980-இல் திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவருடைய சிலையைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்து வைத்தார். அவர் முதன்முதலாகப் பேசிய விக்டோரியா ஜூபிலி மண்டபம் 2019 முதல் அய்யன்காளி மண்டபம் என்று அழைக்கப்படுகிறது. ஊருட்டம்பலம் பள்ளிக்கு 2022-இல் அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரும் சூட்டப்பட்டன. தீயில் கருகிய பழைய பெஞ்சி ஒன்று அப்பள்ளியில் இன்றும் வைத்துக் காக்கப்படுகிறது.