ஹென்றி போர்டின் முதற் கம்பெனி

மோட்டார் வண்டி என்றவுடன் ஹென்றி போர்டின் பெயர் நம் நினைவிற்கு வருகின்றது. ஆயின் அவர் தொடங்கிய முதற் கம்பெனி ஈராண்டும் நிலைபெறாது மறைந்ததென்பதை நம்மிற் சிலரே அறிவோம்.

1863-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ஒரு குடியானவரின் மைந்தராய்ப் பிறந்த அவர், டெட்ராயிட் நகரத்து மின்சாரக் கம்பெனியொன்றில் இஞ்சினீயராய் அமர்ந்தார். ஓய்வு வேளைகளில் வீட்டின் பின்புறக் கொட்டகையில் உழைத்து, 1896-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் முதல் வண்டியை முடித்தார். கொட்டகையின் வாயில் குறுகியதாயிருந்தமையால், சுவரை இடித்தே அதனை வீதிக்குக் கொணர்ந்தார்.

1899-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தனவந்தர் சிலர் முதலீடு செய்ய, டெட்ராயிட் ஆட்டோமொபைல் கம்பெனி தோன்றிற்று. பங்காளிகள் விரைந்து விற்பனையை வேண்டினர்; போர்டோ வண்டியை மேலும் திருத்தவே விழைந்தார். செய்த வண்டிகள் ஏறக்குறைய இருபதே. அவையும் அவர் கருதிய தரத்தினவல்ல, விலையோ மிகுதி. 1901-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கம்பெனி கலைக்கப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபரில் ஒரு பந்தயத்தில் வென்று அவர் இழந்த மதிப்பை மீட்டார். பின்னர்த் தோன்றிய இரண்டாம் கம்பெனியினின்றும் மனவேற்றுமையால் 1902-இல் விலகினார். 1903-இல் நிறுவிய மூன்றாவதே நிலைத்தது. 1908-இல் அது வெளியிட்ட டி மாடல் வண்டி, 1927-க்குள் ஒன்றரைக் கோடி எண்ணிக்கையை எட்டியது. 1947-இல் போர்டு காலமானார்.

ஒரு வண்டியைச் செய்யும் திறன் வேறு, பலர் வாங்கத்தக்க விலையில் பல வண்டிகளைச் செய்யும் திறன் வேறு. இவ்வுண்மையை அவர் கற்ற பள்ளி, தோல்வியுற்ற அம்முதற் கம்பெனியே என்பது நம் துணிபு.