முயல் போனது, எலி வந்தது!

பொம்மையை வெறுத்த பிள்ளை உண்டா? தவழும் பருவத்தில் கட்டிக்கொண்டு உறங்கிய பொம்மை, பல் முளைத்ததும் கடித்துப் பார்த்த பொம்மை, பள்ளி சென்றதும் பரணுக்குப் போய்விடும். ஆனால் இன்று உலகின் பல நாடுகளில் வளர்ந்தவர்களே பொம்மைகளைத் தேடி அலைகிறார்கள். திரையில் கண்ட உருவங்களைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள். கேளிக்கைப் பூங்காவில் அடுத்து என்ன வரப்போகிறது என்ற செய்திக்குக் காத்துக் கிடக்கிறார்கள். இந்த ஆசைக்குப் பாத்தி கட்டி நீர் பாய்ச்சியவர்களுள் முதன்மையானவர் வால்ட் டிஸ்னி. அவருடைய வாழ்க்கை நம் முன் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஓர் உருவத்தைப் படைப்பவன் ஒருவன்; அதற்கு உரிமை கொண்டாடுபவன் இன்னொருவன் என்றால், அது யாருடைய பிள்ளை?

1901 டிசம்பர் 5ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் டிஸ்னி பிறந்தார். தந்தை எலியாஸ், தாய் ஃபுளோரா. மிசூரி மாநிலத்து மார்சலின் என்னும் சிற்றூரின் பண்ணையில் சில ஆண்டுகள் இன்பமாகக் கழிந்தன. பண்ணை நிலைக்கவில்லை. 1911இல் குடும்பம் கான்சாஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை செய்தித்தாள் விநியோகத்தை ஏற்க, ஒன்பது வயதுச் சிறுவன் விடியுமுன் எழுந்து, பனியிலும் மழையிலும் வீடு வீடாகத் தாள் போட்டான். வசதி படைத்த வீடுகளின் திண்ணையில் பிள்ளைகள் இரவில் விட்டுச் சென்ற பொம்மைகள் கிடக்கும். சிறுவன் அந்த இருட்டில் சற்று நேரம் அவற்றோடு விளையாடுவான். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவான். பிறர் பொம்மையைக் கையில் எடுத்தவனுக்கு அதைத் திரும்ப வைக்கவும் தெரிந்திருந்தது!

வளர்ந்தபின் கார்ட்டூன் படம் எடுக்கத் தொடங்கினார். கான்சாஸ் நகரில் அதற்காக நிறுவிய நிறுவனம் 1923இல் திவாலாயிற்று. நாற்பது டாலர்ப் பணத்தோடு ஹாலிவுட்டுக்கு ரயிலேறினார். அங்கிருந்த அண்ணன் ராயுடன் சேர்ந்து அதே ஆண்டு அக்டோபர் 16இல் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். தம்பி கனவு காண்பவர். அண்ணன் கணக்குப் பார்ப்பவர். இந்த இரட்டை மாட்டு வண்டி கடைசி வரை ஓடியது.

1927இல் ஆஸ்வால்ட் என்னும் முயல் பிறந்தது. நீண்ட காதுகளும் குறும்புப் பார்வையும் கொண்ட அந்த முயலை மக்கள் விரும்பினார்கள். மிட்டாய் உறையிலும், சட்டையில் குத்தும் வில்லையிலும் முயல் சிரித்தது. ஆனால் ஒப்பந்தப்படி உரிமை முழுவதும் யூனிவர்சல் நிறுவனத்துக்கு. 1928 தொடக்கத்தில் கூடுதல் தொகை கேட்டு நியூயார்க் சென்ற டிஸ்னிக்கு அதிர்ச்சி காத்திருந்தது. இடையில் நின்ற விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸ் தொகையைக் குறைத்ததோடு, டிஸ்னியிடம் வேலை செய்த ஓவியர்களில் பெரும்பாலோரைத் தம் பக்கம் இழுத்தும் விட்டார். முயலும் போயிற்று, ஆட்களும் போயினர். இனித் தமக்கு உரிமையில்லாத உருவத்துக்கு உழைப்பதில்லை என்று டிஸ்னி முடிவு செய்தார்.

உடன் நின்றவர்களுள் தலையாயவர் அப் ஐவெர்க்ஸ் என்னும் நண்பர். மின்னல் வேகத்தில் வரையும் கை அவருக்கு. அந்தக் கை வரைந்த எலிதான் மிக்கி மவுஸ். 1928 நவம்பர் 18இல் நியூயார்க்கில் ஒலியோடு வெளிவந்த 'ஸ்டீம்போட் வில்லி' என்ற படம் எலியை ஒரே இரவில் புகழேணியில் ஏற்றியது. பல ஆண்டுகள் எலிக்குக் குரல் கொடுத்தவர் டிஸ்னியே. ஐவெர்க்ஸின் கையும் டிஸ்னியின் குரலும் சேர்ந்த பிள்ளை அது. உலகம் அறிந்ததோ ஒரு பெயரை மட்டுமே.

மிக்கியின் அழகு எளிமையில் இருக்கிறது. தலை ஒரு வட்டம். காதுகள் இரண்டு வட்டம். எவரும் வரையலாம், எங்கிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஆனால் படத்தைப் பொம்மையாக்குவது எளிதன்று. திரையில் மிக்கி எப்பக்கம் திரும்பினாலும் காதுகள் இரண்டும் முழு வட்டமாகவே தெரியும். ஓவியன் தலைமேல் அவற்றை நகர்த்தி வரைந்துவிடுவான். பொம்மையின் காது நகருமா? பக்கவாட்டில் பார்த்தால் வட்டம் மெலிந்து கோடாகிவிடும். காதை எங்கே ஒட்டுவது, எவ்வளவு சாய்ப்பது என்பதே பொம்மை செய்வோருக்குப் பெரும் சோதனை. 1930இல் ஷார்லட் கிளார்க் என்ற பெண்மணி துணியில் தைத்த மிக்கி பொம்மை அச்சோதனையில் வென்றது. டிஸ்னி சகோதரர்களும் அதை ஏற்றுக்கொண்டனர்.

1932இல் கே கேமென் என்ற விளம்பர வல்லுநர் பொம்மை உரிமைகளைக் கவனிக்க வந்தார். பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம் அது. 1933இல் இங்கர்சால் நிறுவனம் வெளியிட்ட மிக்கி கடிகாரமும், 1934இல் லயனல் நிறுவனம் செய்த மிக்கி – மின்னி தள்ளுவண்டியும் தள்ளாடிய அந்த நிறுவனங்களுக்குக் கைகொடுத்தன. எலி யானைகளைச் சுமந்தது!

1937 டிசம்பரில் 'ஸ்னோ ஒயிட்' முழுநீளப் படம் வெளிவந்தது. அக்காலத்தில் ஜோ கிராண்ட் தலைமையில் ஒரு தனிப் பிரிவு அமைந்தது. பினோக்கியோ போன்ற உருவங்களைக் களிமண்ணில் வனைந்து, பிளாஸ்டரில் வார்த்து, ஓவியர்களின் மேசையில் வைத்தார்கள். பலர் வரைந்தாலும் மூக்கும் முதுகும் மாறாதிருக்க இந்தச் சிலைகள் உதவின. வேலைக்கு வந்த அந்தச் சிறு சிலைகளைச் சேகரிப்போர் இன்று பொக்கிஷமாகப் போற்றுகிறார்கள்.

ஒளி இருக்கும் இடத்தில் நிழலும் உண்டு. ஊதியத்தில் ஏற்றத்தாழ்வு, வேலைநீக்கம், உழைத்தவர் பெயர் திரையில் வராத குறை ஆகியவை புகைந்து, 1941 மே 29இல் வேலைநிறுத்தமாக வெடித்தன. பல நூறு பேர் வாயிலில் நின்றனர். முடிவில் சங்கத்தை ஏற்க வேண்டியதாயிற்று. டிஸ்னி மனக்கசப்பை மறக்கவில்லை. 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, வேலைநிறுத்தத்தின் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்ததாகக் குற்றம் சாட்டினார். முயலைப் பறிகொடுத்துப் பொருமியவர், தம்மிடம் வரைந்தவர்களின் பொருமலை ஏன் உணரவில்லை? அவரைப் போற்றும் நாம் இக்கேள்வியை விழுங்கிவிடக் கூடாது.

பின்னாளில் அவர் மனம் சின்னஞ்சிறு பொருள்களில் தோய்ந்தது. வீட்டுத் தோட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவிலான ரயிலை ஓட்டினார். சின்ன வீடுகளையும் அறைகலன்களையும் தம் கையாலேயே செய்தார். இரு பெண் குழந்தைகளையும் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, அவர்கள் ராட்டினத்தில் சுற்ற, தாம் மட்டும் பலகையில் உட்கார்ந்திருந்தபோது ஓர் எண்ணம் வளர்ந்தது: பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும்! பணத்துக்கு ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கினார். தொலைக்காட்சி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். கலிபோர்னியாவின் அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பில், சுமார் ஓராண்டில், 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் டிஸ்னிலாந்து எழுந்தது.

1955 ஜூலை 17 திறப்பு நாள். வெயிலில் தார் இளகி மகளிரின் காலணிகள் புதைந்தன, கள்ளச் சீட்டில் கூட்டம் புகுந்தது, குடிநீர் போதவில்லை. ஆயினும் ஏழே வாரங்களில் பத்து லட்சம் பேர் வந்துவிட்டனர். அங்கும் பொம்மைக் கலையே வேலை செய்தது. 77 அடிக் கோட்டையின் அடியில் பெரிய கற்கள், மேலே போகப் போகச் சிறிய கற்கள். கடைத்தெரு வீடுகளின் மாடிகளும் அப்படியே சிறுத்தன. அண்ணாந்து பார்ப்பவருக்கு அவை உயரமாகத் தோன்றின. வந்தவர்கள் ஒரு பெரிய பொம்மைக்குள்ளேயே நடந்தார்கள்!

1964 நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் நாற்காலியிலிருந்து எழுந்து பேசும் ஆபிரகாம் லிங்கன் பதுமையைக் காட்டினார். அடுத்து ஃபுளோரிடாவில் இன்னும் பெரிய பூங்காவுக்குத் திட்டமிட்டார். காலம் இடந்தரவில்லை. 1966 டிசம்பர் 15இல் நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஓய்வு பெறும் வயதைக் கடந்த அண்ணன் ராய் அந்தப் பூங்காவைக் கட்டி முடித்து, தம்பியின் முழுப்பெயர் அதில் நிலைக்கட்டும் என்று 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' எனப் பெயரிட்டு, 1971 அக்டோபரில் திறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தாமும் மறைந்தார்.

அந்த முயல் என்னாயிற்று? 2006இல் டிஸ்னி நிறுவனம் ஒரு பேரம் பேசியது. தன்னிடமிருந்த விளையாட்டு வர்ணனையாளர் ஒருவரை விட்டுக்கொடுத்து, எதிர்த்தரப்பிடமிருந்து ஆஸ்வால்டை மீட்டது. 78 ஆண்டுகளுக்குப் பின் முயல் வீடு திரும்பியது. 2024 ஜனவரி 1இலோ, 'ஸ்டீம்போட் வில்லி' படத்தின் பதிப்புரிமை அமெரிக்காவில் காலாவதியாயிற்று. அந்தப் பழைய எலி இப்போது ஊருக்குப் பொது.

நண்பர்களே, உரிமை என்பது காலத்தின் கையில் உள்ள கடன். இருளில் பிறர் திண்ணையில் விளையாடி, பொம்மையை எடுத்த இடத்தில் வைத்துச் சென்றானே, அந்தச் சிறுவனுக்குத் தெரிந்திருந்த உண்மை இதுதான். நம் அலமாரியில் ஒரு பொம்மை இருந்தால், அதன் அடியில் அச்சான பெயரை மட்டும் படிக்காமல், அதை வரைந்த கையையும் வனைந்த விரலையும் சற்றே நினைப்போம்!