மலிந்துபோனதை வைத்து உலகை விளையாடவைத்தவர்

1981 இல் காசு போட்டு விளையாடும் பெட்டிகளில் வந்த 'டொங்கி கொங்', 2018 இலிருந்து நிண்டெண்டோ சுவிட்ச்சில் அன்றிருந்தபடியே கிடைக்கிறது. உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டி ஏணியேறும் அந்தச் சின்ன மனிதன்தான் பிற்கால மரியோ. அவனைப் படைத்த மியமொட்டோவை உலகறியும். அவருக்கு மேலே நின்று அந்த வேலையை வழிநடத்திய குன்பேய் யொக்கோயை விளையாடுபவர்கள் அவ்வளவாக நினைப்பதில்லை.

1941 இல் கியோட்டோவில் பிறந்த யொக்கோய், இலத்திரனியல் படித்துவிட்டு 1965 இல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனம். இயந்திரங்களைப் பராமரிப்பதே அவரது வேலை. பொழுதுபோக்குக்காக அவர் செய்த நீண்டு சுருங்கும் கையொன்று முதலாளி யமவுச்சியின் கண்ணில் பட்டது. வேறிடமென்றால் ஏச்சுத்தான் விழுந்திருக்கும். இங்கோ அது 1966 இல் விளையாட்டுப் பொருளாகி, பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது.

புதிய, விலைகூடிய தொழில்நுட்பத்தின் பின்னால் அவர் ஓடவில்லை. பழகி மலிந்துபோனதை வேறொன்றுக்குத் திருப்புவதே அவர் வழி. ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கல்குலேற்றரை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டதில் பிறந்தது, 1980 இல் வெளிவந்த 'கேம் அன்ட் வோட்ச்'. அதில் 'டொங்கி கொங்' வந்தபோது அவர் அமைத்த சிலுவை வடிவப் பொத்தான் இன்றும் எமது பெருவிரலின் கீழ் இருக்கிறது.

1989 இல் 'கேம் போய்' வந்தது. போட்டிக் கருவிகள் வண்ணத் திரை காட்டி, ஆறு பற்றரிகளைச் சில மணித்தியாலங்களில் தின்று தீர்த்தன. இதுவோ நிறமற்ற மங்கல் திரையுடன், நான்கு பென்ரோச் பற்றரியில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலத்தைக் கண்ட எமக்கு அதன் அருமையை விளக்கத் தேவையில்லை. வளைகுடாப் போரில் குண்டுவீச்சுக்குள்ளான படைமுகாமொன்றில் கருகி உருகிய 'கேம் போய்' ஒன்று, பின்னரும் இயங்கியது. நியூயோர்க்கிலுள்ள நிண்டெண்டோ கடையில் அது பல வருடங்கள் காட்சிக்கிருந்தது.

1995 இல் அவர் செய்த, கண்ணைப் பொருத்திப் பார்க்கும் 'வேர்ச்சுவல் போய்' படுதோல்வி. மறுவருடம் நிறுவனத்தைவிட்டு விலகி, சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார். 1997 ஒக்ரோபர் 4 இல் நெடுஞ்சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 56. அவர் உருவாக்கிக்கொண்டிருந்த 'வொண்டர்ஸ்வான்' 1999 இல் வெளிவந்தது, நிறமற்ற திரையுடன். அதற்கு ஒரேயொரு பற்றரி போதும்.