பெயர்க்கணக்கர் ஜான் போஸ்டெல்

மாந்தருக்குப் பெயர் ஒன்றாயினும் இல்லங்கள் இரண்டு மூன்று இருத்தல் கூடும். ஓர் இல்லத்தின் கதவு அடைத்திருக்கக் கண்ட மாத்திரத்தில், அதற்குரியவர் உலகிலேயே இல்லையென்று மீள்வது பேதைமையாம். கணிப்பொறிகள் ஒன்றையொன்று தேடுமிடத்தும் இவ்விடர் நாடோறும் நேர்கின்றது. இதனைத் தீர்க்கும் நெறிகளைப் பேணி வளர்த்தோருள் முதன்மையானவர் ஜான் போஸ்டெல் என்னும் அமெரிக்கப் பேரறிஞர்.

இவர் 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் கலிபோர்னியாவில் ஆல்டடீனா என்னும் ஊரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1974இல் டாக்டர் பட்டம் பெற்றார். இவர் மாணாக்கராயிருந்த காலத்திலேயே, 1969இல், அர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னலின் முதற் கணுவாக அப்பல்கலைக்கழகம் அமைந்தது. அவ்வாண்டில் உடன் மாணாக்கர் ஸ்டீவ் கிராக்கர் ஆர்.எப்.சி. என்னும் குறிப்பு வரிசையைத் தொடங்கினார். அவற்றைத் திருத்திப் பதிப்பிக்கும் பணியையும், வலைப்பின்னலில் எவ்வெண் எதற்குரியது என எழுதிவைக்கும் கணக்கையும் போஸ்டெல் ஏற்றார். ஏற்ற பணியை உயிருள்ளவரை விட்டாரில்லர்.

1977 முதல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கழகமொன்றில் தொண்டாற்றினார். 1981 செப்டம்பரில் இவர் பதிப்பித்த 791ஆம் குறிப்பு, இணையத்தின் அடிப்படை விதிநூல்களுள் ஒன்றாகும். பெயர் என்பது நாம் தேடுவது யாதெனக் காட்டும். விலாசம் அஃது இருக்குமிடம் காட்டும். வழி அங்கே செல்லுமாறு காட்டும் என, முன்னரே அறிஞரொருவர் வகுத்த பாகுபாட்டை அந்நூல் தெளிவுற நிறுத்தியது. ஒரே பொறி பல விலாசங்களை உடையதாயிருத்தல் கூடும் என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது.

அந்நாளில் எல்லாப் பொறிகளின் பெயரும் விலாசமும் ஒரே பட்டியலாக ஸ்டான்பர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் காக்கப்பட்டன. ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொள்வர். பொறிகள் பெருகவே பட்டியல் தாங்கொணாததாயிற்று. போஸ்டெல் இதற்கு மாற்றுக் காணும் பொறுப்பைப் பால் மொக்கபெட்ரிஸ் என்பாரிடம் ஒப்புவித்தார். 1983 நவம்பரில், பெயர்களைப் பல கிளைகளாகப் பகுத்துப் பலரிடம் ஒப்படைக்கும் டொமைன் நேம் சிஸ்டம் வெளியாயிற்று.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு சர்வருக்கு வெளியார்க்குரிய விலாசமொன்றும் அலுவலகத்தின் உட்புறத்துக்குரிய விலாசமொன்றும் உள என்க. பெயரைக் கேட்ட வெளியார்க்கு உட்புற விலாசமே விடையாகக் கிடைப்பின், சர்வர் நலமாயிருந்தும் அவர் அதனை அடையார். அன்றியும், கேட்கும் பொறியிலேயே ஹோஸ்ட்ஸ் என்னும் பழைய பட்டியலொன்று உண்டு. பெரும்பாலும் அதுவே முதலிற் பார்க்கப்படுமாதலால், அதிற் கிடக்கும் காலாவதியான வரியொன்று வழிதவறச் செய்யும். ஆதலின் பழுது பார்ப்போர் மூன்றையும் முறையே ஆராய்தல் வேண்டும்: பெயர் பிழையற்றதா? அதற்கு எவ்வெவ் விலாசங்கள், எங்கிருந்து விடையாக வந்தன? அவ்விலாசம் ஒவ்வொன்றுக்கும் வழி திறந்துளதா? ஒரு விலாசம் பயன்படாவிடின் அடுத்ததை முயலவேண்டுமென 1989இல் வெளியான விதிநூலும் பணித்தது. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவோர்க்கு நாள் முழுதும் வீணாகும்.

போஸ்டெல் நீண்ட தாடியும் எளிய செருப்பும் உடையவர். மலைவழி நடப்பதில் விருப்பினர். பெயர்க் கிளைகளைக் காப்போர் அவற்றின் உடைமையாளரல்லர், பொதுமக்களின் தருமகர்த்தரே என 1994இல் எழுதினார். 1998 ஜனவரியில் அவர் கடிதமொன்று விடுத்த அளவில், உலகின் மூலப் பெயர்ப்பொறிகளுள் எட்டினை நடத்துவோர், அதுவரை தலைமை வகித்த பொறியை விடுத்து, அவர் சுட்டிய பொறியையே பின்பற்றலாயினர். அமெரிக்க அரசாங்கம் எதிர்க்கவே, அது சோதனையென்று கூறிச் சில நாளில் பழையபடி திருப்புவித்தார். ஒரு தனிமனிதர்பால் உலகம் கொண்ட நம்பிக்கையின் அளவையும், அத்தகைய பொறுப்பு ஒருவரிடமே தங்குவதிலுள்ள ஆபத்தையும் அந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்தியது. அப்பொறுப்பை ஒரு பொதுக் கழகத்திடம் ஒப்படைக்க அவர் உழைத்தார். ஐகான் என்னும் கழகம் அவ்வாண்டு செப்டம்பரில் தோன்றிற்று. அக்டோபர் 16ஆம் நாள், இருதய சிகிச்சைக்குப் பின் நேர்ந்த கோளாற்றால், 55ஆம் வயதில் அவர் உலக வாழ்வை நீத்தார்.

கணக்கை நேர்மையாக எழுதுவோரின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. ஆயினும் அக்கணக்கில் ஒரு வரி பிழைப்பின் பல்லாயிரவர் வழி தவறுவர். சிறுபணியென்று எதனையும் இகழாது ஏறக்குறைய முப்பதாண்டு காத்து, தன்னுடையதென்று கொள்ளாது பிறர்க்கு விட்டுச்சென்ற இவர்தம் வாழ்க்கை, மாணாக்கராகிய நமக்குச் சாலச் சிறந்த வழிகாட்டியாம்.