சக்கரத்தில் அழகு கண்டவர்: எத்தோரே புகாட்டி

மோட்டார்க் காரைப் பார்ப்பவர்கள் அதன் நிறத்தைப் பார்ப்பர், முகப்பைப் பார்ப்பர், உள்ளே உள்ள ஆசனங்களின் மென்மையையும் தொட்டுப் பார்ப்பர். சக்கரத்தை நின்று நோக்குவோர் சிலரே. ஆயினும் தெருவைத் தொடும் உறுப்பு அது ஒன்றுதான். எஞ்சினின் ஆற்றலும் பிறேக்கின் பிடியும் அதன் வழியாகவே நிலத்தைச் சேருகின்றன. நம் கண்ணும், தன்னை அறியாமலே, வண்டியின் பருமனைச் சக்கரத்தைக் கொண்டே அளந்துகொள்கிறது. இவ்வுண்மைகளை ஏட்டிற் கல்லாமல் கையாற் கண்டறிந்த ஒருவருடைய வாழ்க்கையையே இங்கு கூற விழைகிறேன்.

எத்தோரே புகாட்டி 1881ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி இத்தாலியின் மிலான் நகரிற் பிறந்தார். தந்தை கார்லோ புகாட்டி, புதுமையான தளபாடங்களைப் படைத்துப் பெயர் பெற்றவர். தம்பி ரெம்பிராண்ட், விலங்குகளின் உருவங்களை வடித்த சிற்பி. மரமும் உலோகமும் கலையாக மாறும் வீட்டில் எத்தோரேயும் வளர்ந்தார். எனினும் அவர் நாடியது சிற்பக்கூடத்தை அன்று. துவிச்சக்கர வண்டிகளும் தையல் இயந்திரங்களும் செய்த மிலான் தொழிற்சாலை ஒன்றையே. அங்கு தொழில் பழகிய இளைஞர், 1901இல் தம்முடைய காரொன்றைச் செய்து காட்சிக்கு வைத்தார். அது கண்டு, அல்சாஸ் பிரதேசத்தில் இருந்த டி டியற்றிச் நிறுவனம் 1902இல் அவரை அழைத்துக்கொண்டது. உரிய வயது நிரம்பாமையால், ஒப்பந்தத்தில் மகனுக்காகத் தந்தையே கையொப்பமிட நேர்ந்தது.

வேறு சில நிறுவனங்களிலும் பணியாற்றிய பின்னர், 1909இல் அல்சாஸைச் சேர்ந்த மொல்ஷைம் என்னும் சிற்றூரில், கைவிடப்பட்டுக் கிடந்த சாயத் தொழிற்சாலையொன்றை அவர் குத்தகைக்கு எடுத்தார். அன்று அல்சாஸ் ஜேர்மனியின் ஆட்சியில் இருந்தது. முதல் உலகப் போரின் பின்னர் பிரான்சைச் சேர்ந்தது. நாடு மாறிற்று, புகாட்டியின் தொழிற்கூடம் மாறவில்லை.

அக்காலத்திற் பந்தயக் கார் என்றால் பெரிய எஞ்சின் என்பதே பொருள். புகாட்டி எதிர்த் திசையிற் சிந்தித்தார். 1911இல் லே மான் நகரில் நடைபெற்ற பந்தயத்தில், 10 லீற்றர் எஞ்சின் பூட்டிய பியற் கார் முதலிடம் பெற்றது. இரண்டாவதாக வந்து சேர்ந்தது, ஒன்றரை லீற்றருக்கும் குறைந்த எஞ்சினைக் கொண்ட புகாட்டியின் சின்னஞ்சிறு கார்! ஏறக்குறைய 7 மணித்தியாலம் ஓடிய பந்தயம் அது. ஆற்றலைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பாரத்தைக் குறைத்தாலும் வேகம் பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பாரத்தைக் குறைப்பதென்றால் எவ்விடத்திற் குறைப்பது? இங்கேதான் சக்கரத்தின் சிறப்பு வெளிப்படுகிறது. காரின் உடலில் உள்ள ஒரு கிலோகிராம் திணிவு முன்னோக்கி மட்டுமே செல்கிறது. சக்கரத்தின் விளிம்பில் உள்ள ஒரு கிலோகிராம் திணிவோ, முன்னோக்கிச் செல்வதோடு சுழலவும் வேண்டும். அதற்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ இருமடங்காகும். நான்கு விளிம்புகளிலும் ஒவ்வொரு கிலோகிராம் குறைத்தால், ஆர்முடுகலைப் பொறுத்தவரையில், உடலில் எட்டுக் கிலோகிராம் குறைத்ததற்கு ஒப்பாகும். பிறேக்குப் பிடிக்கும்போதும் இதே கணக்குத்தான். மேலும், சக்கரம் வில்லுகளுக்குக் கீழே இருப்பது. அது பாரமாயின், தெருவின் மேடுபள்ளங்களில் எகிறிக் குதித்து நிலத்தை விட்டு விலகும். இலேசாயின், நிலத்தைத் தழுவியே செல்லும். சக்கரத்தின் விட்டத்தைக் கூட்டினால், குழிகளைத் தாண்டுவது எளிதாகும் என்பது மெய்யே. ஆனால் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரமும் கூடுவதால், பற்சில்லுகளின் விகிதத்தை மாற்றினாலன்றி எஞ்சின் இழுக்கும் வலிமை குன்றும், பாரமும் பெருகும்.

இவற்றையெல்லாம் உள்ளத்திற் கொண்டு புகாட்டி உருவாக்கிய கார்தான் 1924இல் வெளிவந்த 35ஆம் வகை. அதன் எடை ஏறக்குறைய 750 கிலோகிராம். முன்னச்சு உள்ளே வெறுமையாக்கப்பட்டு, வில்லுகள் அதனை ஊடுருவிச் செல்லுமாறு அமைக்கப்பட்டது. கம்பிச் சக்கரங்களே வழங்கிய அந்நாளில், அவர் அலுமினியத்தை வார்த்துத் தட்டையான எட்டு ஆரக்கால்கள் கொண்ட சக்கரங்களைச் செய்தார். பிறேக் டிரம்மும் சக்கரத்தோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருந்தது. அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவது. ஆதலின் பிறேக்கின் சூடு வெளியேற அது துணைநின்றது. சக்கரத்தைக் கழற்றினாலோ, பிறேக்கின் உட்பகுதி கண்முன்னே திறந்து கிடக்கும். தேய்வை உடனே பார்த்துச் சரிசெய்யலாம். இத்தனை பயன்களும் ஓர் உருவில் அடங்கின. அவ்வுருவம் மலர் போன்ற அழகுடையதாகவும் விளங்கிற்று. ஒட்டவைத்த அலங்காரமன்று அது. தொழிலுக்குரிய வடிவமே அழகாகி நின்றது.

அந்தக் காரின் அரங்கேற்றம் மகிழ்ச்சி தரவில்லை. 1924 ஓகஸ்ட் 3ஆம் திகதி, லியோன் நகருக்கு அருகே 810 கிலோமீற்றர் தூரப் பந்தயம் நடைபெற்றது. புகாட்டி தம் ஐந்து கார்களையும் ஓடவிட்டார். ஆனால் அவற்றுக்கெனச் செய்யப்பட்ட ரயர்களின் றப்பர் செம்மையாகப் பதப்படுத்தப்படாததால், மேற்புறம் உரிந்து பறந்தது. ஏழாம் எட்டாம் இடங்களே கிட்டின. புதிய சக்கரத்தின் மீது பழி விழக்கூடிய நேரம் அது. வேறொருவராயின் பழைய கம்பிச் சக்கரத்துக்கே திரும்பியிருக்கக்கூடும். குற்றம் றப்பரில் உள்ளது, வார்ப்பில் அன்று என்பதைத் தெளிந்த புகாட்டி, தம் சக்கரத்தைக் கைவிடவில்லை. அவருடைய வாழ்வில் நான் மிக மதிக்கும் நாள் அந்தத் தோல்வி நாளே. அடுத்த ஆண்டு முதல், 1925 தொட்டு 1929 வரை, சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் நிகழ்ந்த தார்கா புளோரியோ பந்தயத்தில் ஐந்து முறை தொடர்ந்து புகாட்டி கார்களே வென்றன.

வெற்றி மனிதரைப் பேராசைக்கும் இட்டுச் செல்லும். அரசர்களுக்கென ஒரு காரைச் செய்ய அவர் எண்ணினார். அதுவே ரோயல் எனப்படும் 41ஆம் வகை. ஏறக்குறைய 12.7 லீற்றர் எஞ்சின். 6 மீற்றருக்கு மேற்பட்ட நீளம். 3 தொன்னுக்கு மேற்பட்ட எடை. 24 அங்குலச் சக்கரங்கள். அதன் படத்தை முதன்முதலிற் பார்த்தபோது நான் ஏமாந்து போனேன். அளவான, நேர்த்தியான கார் என்றே எண்ணினேன். வேறொரு படத்தில், அதன் அருகே ஒரு மனிதர் நின்றார். அப்போதுதான் அதன் பிரமாண்டம் புலனாயிற்று. சக்கரமும் உடலோடு ஒத்த விகிதத்திற் பெருத்திருந்தமையால் கண் மயங்கிவிட்டது. அப்பெரிய உடலைச் சிறிய சக்கரங்கள் தாங்கியிருந்தால், பார்ப்பவர் நகைத்திருப்பர். விகிதமே அழகின் உயிர் என்னும் சிற்பியின் பாடத்தை அந்தக் காரிற் காணலாம். அதன் முகப்பில், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யானை ஒன்று உண்டு. 1916இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்ட தம்பி ரெம்பிராண்டின் சிற்பத்திலிருந்து எடுக்கப்பட்ட உருவம் அது. தமையனின் துயரம் அங்கே வெள்ளியாக உறைந்து நின்றது.

ஆனால் 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 25 கார்கள் செய்யத் திட்டமிட்டவர் ஆறு மட்டுமே செய்தார். பிறர் வாங்கியவை மூன்றே. எஞ்சிய எஞ்சின்களை அவர் புகையிரதப் பாதைக்குரிய மோட்டார் வண்டிகளிற் பொருத்தினார். அவை 1933 முதல் பிரான்சில் ஓடின. அரசர்களுக்காகப் பிறந்தவை பொதுமக்களை ஏற்றிச் சென்றன!

அதே 1933இல் வெளிவந்த 59ஆம் வகைப் பந்தயக் காரில், தாம் புகழ் பெற்ற வார்ப்புச் சக்கரத்தை அவரே விட்டு விலகினார். மெல்லிய கம்பிகள் காரின் பாரத்தை மட்டும் தாங்கின. எஞ்சினின் உந்தலையும் பிறேக்கின் இழுப்பையும் விளிம்பை அடுத்த பற்கள் ஏற்றுக்கொண்டன. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு கடமை எனப் பகுத்தமையால், கம்பிகள் நூல்போல் மெலியக் கூடியனவாயின. தாம் கண்டதே முடிந்த முடிபு என்று பிடிவாதம் கொள்ளாதவரே மெய்யான கலைஞர் அல்லரோ?

பிற்கால வாழ்வு துயர் மிக்கது. 1936இல் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் மூண்டது. மனம் நொந்து அவர் பரிசுக்குச் சென்றார். 1939 ஓகஸ்ட் 11ஆம் திகதி, மொல்ஷைம் அருகே காரொன்றைச் சோதித்து ஓட்டிய மகன் ழான், துவிச்சக்கர வண்டியில் எதிர்ப்பட்டவரைத் தவிர்க்க முயன்று, மரத்தில் மோதி 30ஆம் வயதில் இறந்தார். அடுத்த மாதமே போர் தொடங்கிற்று; தொழிற்சாலையும் கைவிட்டுப் போயிற்று. அதனை மீட்க வழக்காடிய புகாட்டி, 1947 ஓகஸ்ட் 21ஆம் திகதி மறைந்தார். மொல்ஷைமுக்கு அண்மையில் உள்ள டோர்லிஷைமில், தம் குடும்பத்தவரிடையே துயில்கிறார்.

இன்று வார்ப்புச் சக்கரம் எளிய கார்களிலும் காணப்படுகிறது. தோற்றத்துக்காக மேலும் மேலும் பெரிய சக்கரங்களைப் பூட்டும் மோகமும் வளர்ந்துள்ளது. அவற்றுட் பல பாரத்தைக் கூட்டுவன. மெல்லிய ரயரால் பயணத்தைக் கரடுமுரடாக்குவன. அவற்றைக் காணும்போதெல்லாம் புகாட்டியை நான் நினைப்பதுண்டு. பெரிய சக்கரத்தை அவரும் செய்தார். ஆனால் பெரிய காருக்குச் செய்தார். அழகிய சக்கரத்தையும் செய்தார். ஆனால் பாரத்தைக் கூட்டிச் செய்யவில்லை. பயனும் அழகும் பகைவரல்ல என்பதையே அந்த எட்டு ஆரக்கால்களும் நமக்கு உணர்த்துகின்றன.